போட்டிக்குச் சொந்தமா ஒரு .22 ரிம்ஃபயர் ரைபிள்: துல்லியம்னு பார்த்தா எதை எடுக்கலாம்?

#1 புதுக்குழல்

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் கிளப் ரைபிள்லதான் சுட்டுட்டு இருந்தேன். லைசென்ஸ் வேலை முடிஞ்சாச்சு, இப்ப சொந்தமா ஒரு .22 ரிம்ஃபயர் (உறையோட விளிம்புல ஊசி அடிச்சுப் பத்தற வகை) வாங்கணும். 50 மீட்டர்ல படுத்துச் சுடறது ஓரளவு நல்லா வருது. மூணு பொசிஷனும் (மண்டி, படுக்கை, நிக்கறது) ஆடணும்னு ஆசை.

மனசுல இருக்கறது: அன்ஷுட்ஸ் 1907, வால்தர் கேகே500, ஃபைன்வெர்க்பாவ் 2800, சிஇசட் 457 எம்டிஆர், டிக்கா டி1எக்ஸ். இதுல எது அதிகத் துல்லியம்? படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுது. ஒரு வீடியோவுல சிஇசட் அஞ்சு குண்டையும் ஒரே ஓட்டையில போடுது. அப்படின்னா இவ்வளவு காசைக் கொட்டி ஜெர்மன் ரைபிள் எதுக்கு? செமி ஆட்டோ பக்கமே போகாதேன்னு வேற சொல்றாங்க. ஏன்னு யாரும் சொல்லல.

#2 காற்றுக்கொடி

தம்பி, உங்கள் பட்டியலில் இரண்டு ரகம் கலந்து கிடக்கிறது. முதல் மூன்றும் 50 மீட்டர் ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) ஆட்டத்துக்கென்றே செய்தவை. ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் போட வேண்டும், கன்னத்தாங்கியிலிருந்து பட் பிளேட் (தோளில் பதியும் தகடு) வரை எல்லாம் நகரும், பின்னால் டையாப்டர் (சின்னத் துளை வழியாகப் பார்க்கும் சைட்), முன்னால் வளைய சைட். கடைசி இரண்டும் மேகசின் போட்டு, ஸ்கோப் வைத்துச் சுடுகிறவர்களுக்கானவை. நீங்கள் ஆட நினைக்கும் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமே கிடையாது. எனவே "எது துல்லியம்" என்ற கேள்விக்கு முன்னால் "எந்த ஆட்டம்" என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்: படுத்தும், மூன்று நிலையும்.

மொத்த எடை 8 கிலோவைத் தாண்டக் கூடாது. சைட், எடைக்கட்டி, ஹேண்ட் ஸ்டாப் (முன் கை நகராமல் தடுக்கும் கட்டை) எல்லாம் சேர்த்துத்தான் தராசில் ஏறும். மற்ற அளவுகளுக்கு நடப்பு ஆண்டின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள், பழைய பிடிஎஃப்பை நம்பி எதையும் வாங்காதீர்கள்.

செமி ஆட்டோ: தானாக இயங்கும் ரைபிளில் தோட்டா தடையில்லாமல் உள்ளே போக வேண்டும் என்பதற்காகச் சேம்பரை, அதாவது பேரலில் தோட்டா உட்காரும் இடத்தை, கொஞ்சம் தளர்வாக வெட்டுவார்கள். சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் ஒவ்வொரு முறையும் தன் வேகத்தில் வந்து மூடும். அப்போது ஈயக் குண்டின் மூக்கு எதிலாவது உரசினாலும் உங்களுக்குத் தெரியாது. நல்ல பேரல் போட்ட ரூகர் 10/22 பிரமாதமாகச் சுடும், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஆட்டம் வேறு.

#3 பெஞ்ச்_பித்தன்

துல்லியம்னு கேட்டா என்னைக் கூப்பிடாம இருக்கலாமா!

பேரு, பிராண்டு எல்லாம் அப்புறம். .22 எல்ஆர்ல துல்லியத்தை முடிவு பண்றது மூணே மூணு: பேரலோட உள்பக்கம், சேம்பர், குண்டு வெளியேறற வாய் விளிம்பு. இது 1887லேர்ந்து இருக்கற தோட்டா. குண்டு உறைக்குள்ள முழுசா உட்காராது, குண்டும் உறையும் வெளியில ஒரே பருமன். மேல மெழுகுப் பூச்சு. மெத்துன்னு இருக்கற ஈயம், 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்). இப்படி ஒரு குண்டு சேம்பர்லேர்ந்து ரைஃப்ளிங்குக்கு (பேரலுக்குள்ள சுருளா வெட்டின பள்ளம்) தாவற அந்தத் துளி தூரத்துலதான் கோணிக்கும். போட்டிக்குன்னு இறுக்கமா வெட்டற மேட்ச் சேம்பர்ல தாவறதுக்கு இடமே இல்ல. போல்ட்டை மூடும்போதே குண்டு ரைஃப்ளிங்குல லேசாப் பதியும், கையில அந்த அழுத்தம் தெரியும். சுடாத தோட்டாவை வெளியே எடுத்துப் பாருங்க, குண்டோட தோள்ல சின்னச் சின்ன வரி சுத்திப் பதிஞ்சிருக்கும். வரி ஒரு பக்கம் ஆழமா, எதிர்ப்பக்கம் இல்லாம இருந்தா சேம்பர் கோணல். வேற டெஸ்ட்டே வேண்டாம், அந்த ரைபிளை அங்கேயே வச்சுட்டு வந்துடுங்க.

ட்விஸ்ட்டை (அந்தச் சுருளோட வேகம்) பத்திக் கவலைப்படாதீங்க, எல்லாரும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுங்கற கணக்கை ஒட்டித்தான் வெட்டறாங்க. பேரல் நீளமும் துல்லியத்தைக் கூட்டாது. மருந்து பேரல்ல பாதி தூரம் போறதுக்குள்ளயே எரிஞ்சு முடிஞ்சிடும். நீளம் எதுக்குன்னா சைட்டுக்கு நடுவுல தூரம் வேணும், முன்பக்கம் எடை வேணும். அவ்வளவுதான்.

சிஇசட் 457 எம்டிஆர்ல மேட்ச் சேம்பர் இருக்கு. அதான் வீடியோவுல அப்படிச் சுடுது. பொய்யில்ல.

#4 புதுக்குழல்

நன்றி சார், ரெண்டு பேருக்கும். அப்ப ஒரு நேரடிக் கேள்வி. 50 மீட்டர்ல எனக்கு எத்தனை மில்லிமீட்டர் குரூப் (ஓட்டைங்க சிதறி விழற அகலம்) தர்ற ரைபிள் வேணும்? அந்த எண் தெரிஞ்சா அதுக்கு மேல செலவு பண்ண வேண்டாமே.

#5 காற்றுக்கொடி

நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

50 மீட்டர் இலக்கில் 10 வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விட்டம் 5.6. வளையத்தின் கோட்டைக் குண்டு தொட்டாலே புள்ளி உண்டு. ஆகவே குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழுந்தால் 10. அதாவது மையத்துக்கு மையம் அளந்த குரூப் 16 மி.மீ. என்றால், சைட் சரியாக வைத்திருந்து நீங்கள் அசையாமலும் இருந்தால், எல்லாமே பத்து. இன்றைக்கு எந்த நல்ல மேட்ச் ரைபிளும் தனக்கு ஒத்துவரும் தோட்டாவில் இதைவிடச் சிறிய குரூப்தான் தரும்.

இனிதான் விஷயம். மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றில் முழு எண்ணில்தான் புள்ளி. 10.0 ஆனாலும் 10.8 ஆனாலும் பத்துதான். படுத்துச் சுடும் போட்டியில் தசமம் உண்டு: 60 குண்டு, அதிகபட்சம் 654.0. அங்கே ஒவ்வொரு 0.8 மி.மீ. விலகலுக்கும் 0.1 போகும். ஆகவே ரைபிளின் துல்லியம் காசாவது படுக்கையில்தான். நிற்கும்போது உங்கள் ஆட்டத்துக்குள் அது மறைந்துவிடும்.

#6 சந்தேகப்பிராணி

காற்றுக்கொடி சார் சொன்னதுக்கு எண் போடறேன். ரைபிளோட சிதறலும் மனுஷனோட ஆட்டமும் நேராக் கூடாது, வர்க்கம் வர்க்கமாத்தான் கூடும் (ரெண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்கணும்).

நின்னு சுடும்போது உங்க ஆட்டம் மட்டும் 40 மி.மீ.னு வச்சுக்குங்க. ரைபிள் 16 மி.மீ. குரூப் சுடறதா இருந்தா மொத்தம் 43. அதைத் தூக்கிப் போட்டுட்டு 12 மி.மீ. சுடற ரைபிள் வாங்கினா மொத்தம் 42கூட இல்ல, கொஞ்சம் கீழ. அவ்வளவு செலவுக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம்!

இதே படுத்துச் சுடும்போது உங்க ஆட்டம் 10 மி.மீ.னா, 16 ரைபிள்ல மொத்தம் 19, 12 ரைபிள்ல பதினஞ்சரை. இங்க கண்ணுக்கே தெரியற வித்தியாசம்.

அப்புறம் அந்த வீடியோ. அஞ்சு குண்டு குரூப்புக்கு நான் மரியாதை தர்றதில்ல. ஒரே ரைபிள், ஒரே தோட்டா, அஞ்சு குண்டுல சராசரி 12 மி.மீ. வந்தா பத்து குண்டுல ஏறக்குறைய 15 வரும். ரைபிள் எதுவும் கெட்டுப்போகல, குண்டு கூடக்கூட ஓரத்துல ஒண்ணு விழற வாய்ப்பு கூடுது. அதுலயும் நல்லா விழுந்த ஒரு அட்டையை மட்டும் படம் பிடிச்சுப் போடறாங்க. விழாத அட்டை எல்லாம் எங்க போச்சு? விக்கறவர்கிட்ட கேளுங்க: பத்து குண்டு, தொடர்ச்சியா நாலு அட்டை, எதையும் ஒதுக்காம. தர முடியலன்னா குரூப்பைப் பத்தியே பேச வேண்டாம்னு சொல்லிடுங்க.

#7 பெஞ்ச்_பித்தன்

சந்தேகப்பிராணி சொல்றதுல கணக்கு சரி. ஆனா மேசை மேல ரைபிளைத் தாங்கி வச்சுச் சுடற பெஞ்ச்ல மனுஷனோட ஆட்டம் ஏறக்குறைய பூஜ்யம். எங்களுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர்தான் வாழ்க்கை 😀

#8 நீலிங்_நிலா

நான் மூன்று நிலையும் ஆடுகிறேன், அதனால் ஒரு வார்த்தை. இங்கே எல்லோரும் பேரலைச் சுற்றியே வருகிறீர்கள். அவர் மாதத்துக்கு எத்தனையோ மணி நேரம் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கப்போவது ஸ்டாக்கை, அதாவது பேரலைத் தாங்கும் கட்டையை.

ரைபிளைத் தோளில் வைத்ததும் கண்ணை மூடுங்கள். கழுத்தைத் தளர விட்டு, தலையின் முழு எடையையும் கன்னத்தாங்கி மேல் போடுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் டையாப்டர் துளைக்கு நடுவில் முன் வளையம் தெரிய வேண்டும். தலையைத் தூக்கியோ நீட்டியோ தேட வேண்டியிருந்தால் கன்னத்தாங்கியின் உயரமோ பட் பிளேட்டின் நீளமோ சரியில்லை. இரண்டையும் திருத்தியும் வரவில்லை என்றால் அந்த ஸ்டாக் உங்களுக்கு இல்லை. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் சரி.

இதை மூன்று நிலையிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். படுத்தால் தலை முன்னால் போகும். நின்றால் நிமிரும், பட் பிளேட் கீழே இறங்கிக் கொக்கி கையின் மேல் உட்காரும். மண்டியிட்டால் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம். போட்டியில் மண்டி, படுக்கை, நிற்பது என்ற வரிசையில், நிலைக்கு 20 குண்டு, நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும். அளவுகோல் கோடு போட்ட, குறடு தேடாமல் திருப்பக்கூடிய சரிகட்டு உள்ள ஸ்டாக் அங்கே புள்ளியைக் காப்பாற்றும். அலுமினிய ஸ்டாக்கின் பெரிய லாபம் இதுதான், துல்லியம் அதற்கடுத்துத்தான்.

எடையையும் சும்மா விடாதீர்கள். வரம்பு 8 கிலோ என்பதால் 8 கிலோ வேண்டும் என்று அர்த்தமில்லை. உடல் சிறிதாக இருப்பவர்கள் முன்பக்கம் கனமான ரைபிளை நின்று தூக்கினால் முதல் பத்து குண்டு அழகாகப் போகும், பிறகு இடுப்பு பேச ஆரம்பிக்கும். லேசான ரைபிளில் எடை சேர்க்கலாம். பேரல் கனத்தைக் குறைக்க முடியாது. அன்ஷுட்ஸில் 1913ஐ விட 1907இன் பேரல் மெலிது, அதனாலேயே என்னைப் போன்றவர்கள் பலர் 1907 பக்கம்.

#9 புதுக்குழல்

அக்கா, இந்தக் கண்ணை மூடற டெஸ்ட்டை நேத்து கிளப் ரைபிள்ல பண்ணிப் பார்த்தேன். கண்ணைத் திறந்தா வளையம் துளைக்கு மேல நிக்குது. இவ்வளவு நாளா கழுத்தைத் தூக்கித்தான் சுட்டிருக்கேன் போல.

இன்னொரு விஷயம். ஒரு பழைய அன்ஷுட்ஸ் 1413 விலைக்கு வருது. இதைப் பார்க்கலாமா? புதுசா சிஇசட்டா, பழசா இதுவா?

#10 பழையகுழல்

இதுக்காகத்தான் காத்திருந்தேன்.

ஆக்‌ஷன் என்றால் போல்ட் ஓடும் உடற்பகுதி. 1413ம் 1907ம் 54 ஆக்‌ஷன் குடும்பம்தான். 1407, 1411, 1413 முதல் தலைமுறை; பிறகு 18ல் தொடங்கும் எண்கள்; பிறகு 19ல் தொடங்குபவை. 1403, 1903 போன்றவை 64 ஆக்‌ஷன், அவற்றை 54 என்று நம்பி விலை கொடுத்துவிடாதீர்கள். பராமரித்த 1413 இன்றைக்கும் நன்றாகச் சுடும். ரிம்ஃபயர் பேரல் பல பத்தாயிரம் குண்டு தாங்கும், சென்டர்ஃபயர் (உறையின் நடுவில் ஊசி அடிக்கும் வகை) மாதிரி சில ஆயிரத்தில் கருகாது. ஆனால் போல்ட்டை எடுத்துப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

முதலில் போர்ஸ்கோப், பேரலுக்குள் விட்டுப் பார்க்கும் கருவி. சேம்பர் முடிந்து ரைஃப்ளிங் தொடங்கும் இடத்தில் அடிப்பக்கம், கடிகாரத்தில் 6 மணி நிற்கும் இடத்தைப் பாருங்கள். ரிம்ஃபயர் பிரைமரில் (ஊசி அடித்ததும் பற்றும் மருந்து) கண்ணாடித் தூள் உண்டு, எரியாத துகள் அங்கே படிந்து குண்டோடு உரசி உரசி மேடுகளின் முனையைத் தின்றுவிடும். கொஞ்சம் மழுங்கியிருந்தால் பரவாயில்லை. பாம்புத்தோல் மாதிரி செதில் செதிலாக இருந்தால் விலையைக் குறைத்துப் பேசுங்கள், அல்லது விடுங்கள். அதே இடத்தில் கறுப்பாக ஒரு வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது கார்பன். சுத்தம் செய்தால் போகும்.

இரண்டாவது, இறுக்கம். இறுக்கமான துணியைக் கம்பியில் மாட்டி, கை கொடுக்கும் அழுத்தத்தை மாற்றாமல் மெதுவாக முழு நீளத்துக்கும் தள்ளுங்கள். ஒரே சீராகப் போக வேண்டும், வாய்ப்பக்கம் போகப் போகக் கொஞ்சம் இறுகினால் இன்னும் நல்லது. நடுவில் ஓரிடத்தில் சட்டென்று தளர்ந்தால் பரவாயில்லை என்று சில பேர் சொல்வார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாய்ப்பக்கம் தளர்ந்தால் யோசிக்கவே வேண்டாம், வேண்டாம்.

மூன்றாவது, வாய் விளிம்பு. காது பட்ஸை உள்ளே விட்டு வெளிப்பக்கமாகச் சுற்றி இழுங்கள். பஞ்சு எங்கேயாவது மாட்டி நூல் நின்றால் அங்கே பிசிறு இருக்கிறது. இதை மட்டும் ஒரு நல்ல கன்ஸ்மித் சரி செய்துவிடுவார்.

கடைசியாக, சுட்ட உறைகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். விளிம்பில் ஊசி அடித்த பள்ளம் எல்லா உறையிலும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஆழம் மாறினால் ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும், பற்றவைப்பு சீராக இருக்காது, குரூப் மேலும் கீழுமாக நீளும். மாற்றினால் முடிந்தது, அதிகச் செலவில்லை. இது தெரியாமல் பேரல் போச்சு என்று விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவருக்கு யோகம்.

#11 ஸ்டீல்_சத்தம்

சிஇசட், டிக்கா ரெண்டையும் எல்லாரும் ஓரங்கட்டறதால நான் பேசித்தான் ஆகணும். தம்பி ஆட்டத்துக்கு அது ஒத்துவராது, சரி. ஆனா இதைப் படிக்கற எல்லாரும் டையாப்டர் ஆட்டம் ஆடப் போறதில்ல. ஸ்கோப் வச்சு 100 மீட்டர், அதுக்கு மேல இரும்புத் தட்டு அடிக்கற போட்டிக்கு இந்த ரெண்டும் அருமை. 457ல ரெண்டு திருகைத் தளர்த்தினா பேரல் கையோட வந்துடும், வேற பேரல் போட்டுக்கலாம். டி1எக்ஸ் அதோட அண்ணன் டி3எக்ஸ் ஸ்டாக்குல உட்காரும். பெரிய ரைபிள் சுடறவங்களுக்கு அதே பிடி, அதே டிரிகர் உணர்வு.

எங்க ஆட்டத்துல குரூப் அகலத்தைவிட வேகச் சீர் முக்கியம். ஒரு குண்டு நொடிக்கு 327 மீட்டர், அடுத்தது 317னு வச்சுக்குங்க. 50 மீட்டர்ல அது 7 மி.மீ. கீழ விழும், 100ல கிட்டத்தட்ட 3 செ.மீ. குண்டோட வேகத்தை அளக்கற குரோனோகிராஃப் இல்லாம இந்த ஆட்டத்துக்கு வராதீங்க.

#12 புதுக்குழல்

அப்ப வேகமான தோட்டா வாங்கினா காத்துல குறைவாத்தானே தள்ளும்?

#13 காற்றுக்கொடி

தோன்றும், ஆனால் நேர் எதிர். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதிவேகத் தோட்டா அதைத் தாண்டிப் புறப்பட்டு, காற்றின் எதிர்ப்பில் சடாரென்று வேகம் இழக்கும். பக்கக்காற்று தள்ளுவது பயண நேரத்தைப் பொறுத்ததல்ல, வழியில் எவ்வளவு தாமதமானது என்பதைப் பொறுத்தது. ஒலி வேகத்தைச் சுற்றித் தாமதம் அதிகம். அதனால்தான் மேட்ச் தோட்டா எல்லாம் 320, 330 பக்கம் நிற்கின்றன. அவற்றையும் நொடிக்கு 4 மீட்டர் பக்கக்காற்று 50 மீட்டரில் 2 செ.மீ.க்கு மேல் நகர்த்திவிடும். ஒரு வளையத்தின் அகலம் 8 மி.மீ. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், பிறகு கொடியைப் பார்க்கப் பழகுங்கள். அதற்கு ரைபிள் மாற்ற வேண்டியதில்லை.

#14 பெஞ்ச்_பித்தன்

தோட்டான்னு வந்தாச்சு, இதைச் சொல்லாம விட மாட்டேன். லாட்! லாட்! லாட்! அதாவது ஒரே தடவையில தயாரிச்ச தொகுதி.

எலி டெனெக்ஸ், லாப்புவா எக்ஸ்-ஆக்ட், ஆர்டபிள்யூஎஸ் ஆர்50 எல்லாம் உச்சத்துல இருக்கற தோட்டாதான். ஆனா ஒரே பெயர், ஒரே டப்பா, லாட் எண் மாறினா உங்க பேரல்ல வேற தோட்டா. ஒரு நடுத்தர வகையோட நல்ல லாட், உச்ச வகையோட ஒவ்வாத லாட்டைச் சாதாரணமாத் தோற்கடிக்கும். சென்டர்-எக்ஸ், எஸ்கே ரைபிள் மேட்ச்லேர்ந்து ஆரம்பிங்க. நாலஞ்சு லாட் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிச் சுட்டுப் பாருங்க. வகை மாத்தும்போது முதல் பத்து, பதினஞ்சு குண்டைக் கணக்குல எடுக்காதீங்க. பழைய மெழுகு போய் புது மெழுகு பேரல் முழுக்கப் படியணும். வாய்ப்பிருந்தா எலி, லாப்புவா மாதிரி நிறுவனங்களோட டெஸ்ட் ரேஞ்சுக்கு ரைபிளைக் கொண்டு போங்க. ஆக்‌ஷனைக் கிளாம்ப்ல கட்டி லாட் லாட்டாச் சுட்டுக் காட்டுவாங்க, உங்க தோள், மூச்சு எதுவும் அதுல கலக்காது.

அப்புறம் பேரல் வாய்ல மாட்டி நகர்த்தற எடை, ட்யூனர்...

#15 சந்தேகப்பிராணி

ட்யூனர் வேண்டாம் ஐயா, தம்பியை விட்டுடுங்க. ஒவ்வொரு கிளிக்குக்கும் அஞ்சு குண்டு சுட்டு "இதோ மாயப் புள்ளி"ன்னு காட்டறதுல பாதி தற்செயல். லாட் சோதனையும் அப்படித்தான். ஒரு லாட்டுக்கு ஒரு அட்டை சுட்டு ஜெயிச்சவரை அறிவிக்காதீங்க. முதல் சுத்துல மோசமானதைக் கழிங்க, மிச்சத்தை இன்னொரு நாள் மறுபடி சுடுங்க, ரெண்டு நாளும் முன்னால நிக்கறதை மட்டும் மொத்தமா வாங்குங்க.

#16 பெஞ்ச்_பித்தன்

ட்யூனர் வேலை செய்யுது. குண்டு கிளம்பற நேரத்துல பேரல் வாய் மேல்நோக்கிப் போயிட்டு இருந்தா, மெதுவான குண்டு கொஞ்சம் தாமதமா, கொஞ்சம் உயரமா கிளம்பும். ஸ்டீல்_சத்தம் சொன்ன மேல்-கீழ் வித்தியாசம் அதுல ஒரு பகுதி ஈடாகும். ஆனா புதுசா ஆடறவருக்கு இப்ப வேண்டாம்ங்கறதை ஒத்துக்கறேன். தனி இழை போடலாம், அங்க வந்து சண்டை போடுங்க.

#17 புதுக்குழல்

முடிவுக்கு வந்துட்டேன்னு நினைக்கறேன். 1413ஐப் போய்ப் பார்த்தேன். 6 மணி இடம் லேசா மழுங்கல், செதில் இல்ல. துணி சீராப் போச்சு, வாய்ப்பக்கம் ஒரு துளி இறுகுது. பட்ஸ் எங்கயும் மாட்டல. உறைப் பள்ளம் மட்டும் ஒண்ணுக்கொண்ணு மாறுது. ஆனா ஸ்டாக் மரம், பழைய வடிவம். கண்ணை மூடிப் பார்த்தா படுக்கையில சரியா வருது, நிக்கும்போது வரவே இல்ல. கன்னத்தாங்கி போதுமான உயரம் ஏறல.

#18 நீலிங்_நிலா

வாங்குங்கள். ஆக்‌ஷன் நன்றாக இருந்தால் ஸ்டாக் பின்னால் வரும். 54 ஆக்‌ஷனுக்கு அலுமினிய ஸ்டாக் செய்கிறவர்கள் உண்டு, பழைய ஆக்‌ஷனுக்குப் பொருந்துமா என்று மட்டும் எழுதிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அதுவரை படுத்துச் சுடும் போட்டி ஆடுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஷூட்டிங் ஜாக்கெட் உங்கள் உடம்புக்குத் தைத்துக்கொள்ளுங்கள்.

#19 காற்றுக்கொடி

எனக்கும் சம்மதம். ஒரே திருத்தம்: மிச்சப் பணத்தில் பாதி தோட்டாவுக்கு.

#20 புதுக்குழல்

கடைசியா ஒண்ணு. வீட்டுல தோட்டா இல்லாம டிரிகர் பழகலாமா? ரிம்ஃபயர்ல வெறும் சேம்பர்ல தட்டக் கூடாதுன்னு படிச்சேன்.

#21 பழையகுழல்

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். ஊசி உறையின் விளிம்பை அடிக்கும் வகை என்பதால் உறை இல்லாதபோது சில ரைபிள்களில் அது சேம்பர் விளிம்பிலேயே போய் இடிக்கும். அங்கே பள்ளம் விழுந்தால் உறை மாட்டும், எடுப்பதே பாடு. இதற்கென்று விற்கும் டிரை ஃபயர் சாதனம் போடலாம். அது கிடைக்கும்வரை சுவரில் திருகு மாட்டப் பயன்படும் சின்னப் பிளாஸ்டிக் பிளக்கில், தலையில் விளிம்பு உள்ளது, சேம்பரில் சரியாக உட்காரும் அளவு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தட்டுக்கும் கொஞ்சம் திருப்பி வையுங்கள், விளிம்பு நைந்ததும் தூக்கிப் போடுங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

அந்த ஊசி ஸ்ப்ரிங்கை மட்டும் மாற்றாமல் லாட் சோதனைக்குப் போகாதீர்கள், எல்லா லாட்டும் மோசமாகத்தான் தெரியும்.